எண் என்னும் பொது ஏரி

சென்னைப் பட்டணத்தில் தொலைபேசி நிலையம் திறக்கப்பட்டது 1882ஆம் ஆண்டில். இங்கிலாந்தைச் சேர்ந்த ஓரியண்டல் டெலிபோன் கம்பெனி, அரசாங்கத்தின் உரிமம் பெற்று, கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய மூன்று நகரங்களிலும் ஏறக்குறைய ஒரே காலத்தில் நிலையங்களை அமைத்தது. கல்கத்தா நிலையத்தில் தொடக்கத்தில் இருந்த சந்தாதாரர்கள் 93 பேர். தொண்ணூற்று மூன்று பெயர்களை, முயன்றால், ஒரு மனிதர் மனப்பாடமாக வைத்துக்கொள்ள முடியும். இன்றோ நம் தேசத்தில் ஏறத்தாழ 120 கோடி இணைப்புகள் உள்ளன. இவற்றுள் எந்த ஒன்றிலிருந்தும் வேறு எந்த ஒன்றையும், இடையில் ஒரு மனிதரின் துணையில்லாமல், சில விநாடிகளில் எட்டிவிடலாம். இந்த அற்புதத்தைச் சாத்தியமாக்கிய சாதனங்களுள் எல்லாரும் கையாளுவதும், எவரும் நின்று கவனியாததும் ஒன்று உண்டு, அதுவே எண்.

எண் எப்படிப் பிறந்தது என்பதற்கு ஒரு வரலாறு சொல்லப்படுகிறது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாகாணத்து லோவல் நகரில் 1879ஆம் ஆண்டில் தட்டம்மை பரவிற்று. அவ்வூர்த் தொலைபேசி நிலையத்தில் பணிபுரிந்தவர் நால்வரே. இன்னார் இணைப்பு இன்ன துளையில் என்பதை அவர்கள் நினைவிலே வைத்திருந்தார்கள். அவர்கள் நால்வரும் நோயில் விழுந்தால், புதிதாக வருபவர்கள் அத்தனை பெயர்களையும் கற்று முடிப்பதற்குள் நகரமே ஊமையாகிவிடும் என்று அவ்வூர் வைத்தியர் மோசஸ் கிரீலி பார்க்கர் அஞ்சி, சந்தாதாரருக்கு எண் கொடுத்துவிடும்படி யோசனை சொன்னார். ஒருவருடைய ஞாபகத்தை நம்பி நின்ற ஊழியத்தை, முன்பின் அறியாத எவரும் செய்யக்கூடிய பொது ஊழியமாக மாற்றுவதற்கே எண் ஏற்பட்டது என்பது இதனால் விளங்கும். பிறப்பிலேயே பொதுக்காரியத்திற்கென்று உண்டான அந்த எண்ணை இன்று ‘என் நம்பர்’ என்று சொந்தம் கொண்டாடுகிறோம். அதில் பிழையில்லை, ஆயினும், அந்தச் சொந்தத்தின் எல்லை எது, நமக்கு அதைக் கொடுப்பவர் யார், எதிலிருந்து எடுத்துக் கொடுக்கிறார், தீர்ந்துபோனால் என்ன செய்வார் என்று விசாரித்துப் பார்த்தால், நம் கிராமத்து ஏரியின் கதைதான் நினைவுக்கு வருகிறது. ஏரி ஊருக்குப் பொது, வயல் தனித்தனி, நீர்கட்டி மடையைத் திறந்து முறைவைத்துப் பாய்ச்சினால்தான் கடைமடைக்கும் தண்ணீர் சேரும். எண்ணும் அத்தகைய ஏரியே என்பதும், அதன் மடையைக் காப்பவரின் விவேகமே அனைவருடைய சௌகரியத்துக்கும் ஆதாரம் என்பதும் இக்கட்டுரையின் துணிபு.

இலக்கங்களின் இலக்கணம்

பத்து இலக்கங்களைக் கொண்டு ஆயிரங்கோடி எண்களை அமைக்கலாமே, 140 கோடி மக்களுக்கு அது போதாதா என்று கேட்கத் தோன்றும். போதாது. தொலைபேசி எண் என்பது வரிசையாக எண்ணிக்கொண்டு போகும் தொகையன்று. வழி சொல்லும் முகவரி. இணைப்பகம் அதனை இடப்பக்கத்திலிருந்து ஒவ்வோர் இலக்கமாகப் படித்து, முதல் இலக்கத்தைக் கண்டதும் எத்திசை என்றும், அடுத்ததைக் கண்டதும் எத்தெரு என்றும் தீர்மானித்துக்கொண்டே செல்கிறது. ஆகையால் ஒரு முழு எண் மற்றோர் எண்ணின் தலைப்பகுதியாக அமைந்துவிடலாகாது என்பது இவ்விலக்கணத்தின் முதல் விதி. போலீஸை அழைப்பதற்கு 100 என்று வைத்துவிட்டால், 100 என்று தொடங்கும் எந்த எண்ணையும் எந்த வீட்டுக்கும் கொடுக்க வழியில்லை. மூன்றே இலக்கங்களில் முடியும் அந்தச் சிறிய எண், தன் நிழல் விழும் பல லட்சம் நீண்ட எண்களைத் தரிசாக்கிவிடுகிறது. உயிர் காக்கும் அவசரத்துக்கு அந்தத் தியாகம் தகும். அதனால்தான் 1 என்ற இலக்கத்தில் தொடங்கும் பரப்பு முழுவதும் 112, 108, 1098 போன்ற அவசர எண்களுக்கும், 1800 என்று தொடங்கும் கட்டணமில்லா எண்களுக்கும், இவை போன்ற பிற விசேஷ சேவைகளுக்குமே ஒதுக்கப்பட்டிருக்கிறது. சுழியமோ ‘ஊர் எல்லையைத் தாண்டுகிறேன்’ என்று இணைப்பகத்துக்கு அறிவிக்கும் சமிக்ஞை. இரு சுழியங்கள் ‘தேச எல்லையைத் தாண்டுகிறேன்’ என்பதற்கு. ஆக, பத்து வாசல்களில் இரண்டு ஆரம்பத்திலேயே அடைபட்டன.

மிகுந்த வாசல்களுள் நெடுங்காலம் 2 முதல் 6 வரையிலானவை வீட்டுத் தொலைபேசிகளுக்கும், 9ஆம் வாசலும் அதன்பின் 8, 7, இறுதியாக 6இன் ஒரு பகுதியும் செல்பேசிகளுக்கும் உரியவாயின. 9இல் தொடங்கும் எண்ணை வைத்திருப்பவர் பெரும்பாலும் பழைய சந்தாதாரராகவும், 6இல் தொடங்கும் எண்ணை வைத்திருப்பவர் பெரும்பாலும் புதியவராகவும் இருப்பதன் காரணம் இதுவே.

இலக்கங்களைப் பங்கிடுவதில் இயந்திரத்தின் இயல்பையும் மனிதரின் சௌகரியத்தையும் சேர்த்து எண்ணிப் பார்த்ததற்கு ஓர் அழகிய சான்று உண்டு. சுழற்று டயல் இருந்த நாளில், 1 என்று சுழற்றினால் ஒரு துடிப்பும், 9 என்று சுழற்றினால் ஒன்பது துடிப்பும், சுழியத்துக்குப் பத்துத் துடிப்பும் கம்பியில் செல்லும். விரலை எடுத்தபின் அந்தத் தட்டு ‘கிர்ர்’ என்று திரும்பி வந்து நிற்கும்வரை காத்திருக்க வேண்டும். வட அமெரிக்காவில் 1947ஆம் ஆண்டில் 86 பிரதேசக் குறியீடுகளை வகுத்தவர்கள், மிகுந்த அழைப்புகள் செல்லும் நியூயார்க்குக்கு 212 என்று ஐந்தே துடிப்புகளில் முடியும் எண்ணையும், சிக்காகோவுக்கு 312, லாஸ் ஏஞ்சலிசுக்கு 213 என்று ஆறு துடிப்புகளில் முடிபவற்றையும் அளித்தார்கள். நம் தேசத்திலும் டில்லிக்கு 11, பம்பாய்க்கு 22, கல்கத்தாவுக்கு 33, சென்னைக்கு 44 என நான்கு மாநகரங்களுக்கும் மறக்கவொண்ணாத இரட்டை இலக்கங்கள் வாய்த்தன. அவற்றின் முதல் இலக்கம் பிரதேசத்தையும் குறிக்கும்: தமிழ்நாட்டின் ஊர்க் குறியீடுகள் கோயம்புத்தூர் 422, மதுரை 452, திருநெல்வேலி 462 என்று நான்கிலேயே தொடங்குகின்றன, கேரளத்துக் கொச்சி 484 என்பதும் அவ்வாறே.

இவை அனைத்துக்கும் மேலே உலகப் பொதுவான ஒரு வரம்பு நிற்கிறது. ஐக்கிய நாடுகள் சபையைச் சார்ந்த சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம், தேசக் குறியீடு உட்பட எந்தத் தொலைபேசி எண்ணும் 15 இலக்கங்களுக்கு மேற்படலாகாது என்று விதித்து, ஒவ்வொரு தேசத்துக்கும் ஒரு குறியீட்டையும் வழங்கியிருக்கிறது. இந்தியாவுக்கு 91, இலங்கைக்கு 94, மலேசியாவுக்கு 60, சிங்கப்பூருக்கு 65. அந்தக் குறியீட்டுக்குப் பின்வரும் இலக்கங்களை எவ்வாறு வகுப்பது என்பது அந்தந்தத் தேசத்தின் சுதந்திரம். அந்தச் சுதந்திரத்தோடு பொறுப்பும் சேர்ந்தே வருகிறது.

மடையின் சாவி யாரிடம்?

பல தேசங்களில் இப்பொறுப்பு சுயேச்சையான ஒழுங்குமுறை ஆணையத்திடம் இருக்கிறது. பிரிட்டனில் ஆஃப்காம் என்னும் ஆணையமே எண்களை வகுத்து வழங்குகிறது. நம் தேசத்து ஏற்பாடு சற்று வேறுபட்டது. 1997ஆம் ஆண்டில் ஏற்பட்ட இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம், அதாவது டிராய், எண் திட்டத்தை ஆராய்ந்து, எல்லாத் தரப்பினருடைய அபிப்பிராயங்களையும் பகிரங்கமாகக் கேட்டு, பரிந்துரை செய்கிறது. திட்டத்தை நிர்ணயித்து எண்களை ஒதுக்கும் அதிகாரமோ மத்திய அரசின் தொலைத்தொடர்புத் துறையிடம் இருக்கிறது. ஆணையத்தின் பரிந்துரை அரசைக் கட்டுப்படுத்தாது. ஆயினும் அரசு அதனின்று மாறுபட விரும்பினால் மீண்டும் ஆணையத்தின் கருத்தைக் கேட்டாக வேண்டும். 1885ஆம் ஆண்டின் தந்திச் சட்டத்தின் நிழலில் நெடுங்காலம் நடந்துவந்த இந்த வழக்கத்துக்கு, 2023ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டம் தெளிவான வாசகம் அளித்தது: எண் முதலான அடையாளக் குறிகளை ஒதுக்குவது மத்திய அரசின் உரிமை என்று அது கூறுகிறது. எண் கம்பெனியின் உடைமையுமன்று, சந்தாதாரரின் உடைமையுமன்று என்பது இதன் உட்பொருள். கம்பெனி அதை அரசிடமிருந்து அனுபோகத்துக்குப் பெறுகிறது. நாம் கம்பெனியிடமிருந்து அனுபோகத்துக்குப் பெறுகிறோம்.

ஒதுக்கீடு நடைபெறும் முறையை ஓர் எண்ணை எடுத்து வைத்துக்கொண்டே பார்த்துவிடலாம். கல்கத்தாவில் ரைட்டர்ஸ் பில்டிங்கிலிருந்து மேற்கு வங்க முதலமைச்சர் ஜோதி பாசு, 1995 ஜூலை 31 அன்று, டில்லியிலிருந்த மத்திய அமைச்சர் சுக்ராமோடு பேசியதிலிருந்து நம் தேசத்தில் செல்பேசியின் காலம் தொடங்கிற்று. அக்காலத்தில் சென்னையில் இரண்டு கம்பெனிகளுக்கே உரிமம் இருந்தது; ஒன்றன் எண்கள் 9840 என்றும், மற்றதன் எண்கள் 9841 என்றும் தொடங்கின. நான்கு இலக்கங்கள் இவ்வாறு நிலைபெற்றபின் மிகுந்திருப்பவை ஆறு. ஆறு இலக்கங்களில் அமையக்கூடியவை 10 லட்சம் எண்கள். ஒரு நிமிஷத்துக்குப் பதினாறு ரூபாய் வரையில் கட்டணம் இருந்த அந்நாளில், ஒரு நகரத்தில் ஒரு கம்பெனிக்குப் பத்து லட்சம் எண்கள் என்பது வற்றாத கடலாகவே தோன்றியிருக்கும். பின்னர் வாடிக்கையாளர் பெருகப் பெருக, ஐந்து இலக்கத் தலைப்பு ஒன்றுக்கு ஒரு லட்சம் எண்கள் என்ற கணக்கில் பங்குகள் வழங்கப்பட்டன. கம்பெனி விண்ணப்பித்தவுடன் எண்கள் கிடைத்துவிடுவதில்லை. எத்தனை சிம் கார்டுகளை விற்றிருக்கிறோம் என்று அது காட்டும் கணக்கைப் பார்ப்பதை விட்டு, அவற்றுள் எத்தனை இன்றைக்கு உயிரோடு வலையமைப்பில் தென்படுகின்றன என்பதைக் காட்டும் இருப்பிடப் பதிவேட்டைப் பார்த்து, முன்பு கொடுத்ததில் குறிப்பிட்ட விழுக்காடு மெய்யாகவே பயன்பட்டிருந்தால்தான் மேலும் தருவது என்ற நியதி ஏற்பட்டது. பாய்ச்சிய தண்ணீர் பயிருக்குச் சேர்ந்ததா, வாய்க்காலிலே வீணாயிற்றா என்று பார்த்தபின் மறுபடியும் மடை திறக்கும் நீர்கட்டியின் தர்மமே இதுவும்.

கணக்குத் தப்பிய திட்டம்

செல்பேசியும் தனியார் தொலைபேசியும் பெருகத் தொடங்கிய நிலையில் 2003ஆம் ஆண்டில் புதிய தேசிய எண் திட்டம் வகுக்கப்பட்டது. எல்லா எண்களும், ஊர்க் குறியீட்டோடு சேர்ந்து, பத்து இலக்கங்களாக இருக்க வேண்டும் என்பது அதன் அச்சாணி. அதையொட்டியே சென்னையின் ஏழு இலக்க எண்களுக்கு முன்னால் 2 என்ற இலக்கம் சேர்ந்து அவை எட்டாயின. கடைகளின் பெயர்ப்பலகைகளிலும் கல்யாணப் பத்திரிகைகளிலும் அந்த ஒரு ‘2’ மட்டும் பின்னால் எழுதிச் சேர்த்ததாகத் தெரியும்படி நெடுநாள் நின்றது பலருக்கு நினைவிருக்கலாம். அந்த இலக்கம் வெறும் ஒட்டுச்சொல்லன்று. 2 என்பது அரசு நிறுவனத்தின் வாசல் என்றும், ஏனைய இலக்கங்கள் போட்டியாக வரும் தனியாருக்குத் திறக்கும் வாசல்கள் என்றும் வகுத்துக் கொடுத்த எல்லைக்கல் அது.

அத்திட்டத்தை வகுத்தவர்கள் அற்ப புத்தியோடு கணக்கிட்டவர்கள் என்று சொல்ல முடியாது. அவ்வாண்டில் தேசம் முழுவதும் இருந்த இணைப்புகள் ஏறத்தாழ ஐந்தரைக் கோடி. அவர்களோ 2030ஆம் ஆண்டை நோக்கி, மக்களில் பாதிப் பேர் கையில் தொலைபேசி இருக்கும் என்று அனுமானித்து, செல்பேசிக்கு 45 கோடியும் வீட்டுத் தொலைபேசிக்கு 30 கோடியுமாக 75 கோடி எண்களுக்கு இடம் வகுத்தார்கள். இருந்ததைப்போல் பதினான்கு மடங்குக்கு இடம் விடுவது அக்காலத்தில் மிகுந்த தாராளமாகவே கருதப்பட்டிருக்கும். நடந்தது வேறு. 2009ஆம் ஆண்டிலேயே செல்பேசிகள் 45 கோடியைத் தாண்டின. 2010ஆம் ஆண்டு முடியுமுன் மொத்த இணைப்புகள் 75 கோடியைத் தாண்டின. இருபத்தேழு வருஷத்துக்கென்று கட்டிய ஏரி ஏழே வருஷத்தில் கரை ததும்பிற்று. அதேசமயம், 30 கோடியாகும் என்று எதிர்பார்த்த வீட்டுத் தொலைபேசி வளராதது மட்டுமன்றி ஆண்டுக்காண்டு தேய்ந்து, நான்கு கோடிக்கும் கீழே இறங்கிற்று. ஆகவே தேசத்துக்கு நேர்ந்த தொல்லை வெறும் பற்றாக்குறையன்று. ஒரு வயலில் வெள்ளம். அடுத்த வயலில் தரிசு. வரப்பை மாற்றிக் கட்டுவதே தீர்வு.

தஞ்சாவூர்க் கணக்கு

அந்த வரப்பு எங்கே கிடக்கிறது என்பதை அறியத் தஞ்சாவூர் எண் ஒன்றை எடுத்துக்கொள்வோம். அவ்வூரின் குறியீடு 4362, அதன்பின் ஆறு இலக்கங்கள், சேர்த்தால் பத்து. ஆறு இலக்கங்களில் 10 லட்சம் எண்கள் அமையும். ஆனால் சுழியத்திலும் ஒன்றிலும் தொடங்குபவை, முன்பு கண்ட விதியால், ஆகா. 7, 8, 9 ஆகியவற்றில் தொடங்குபவையும் ஆகா. ஏனெனில் தஞ்சாவூர்க்காரர் ஒருவர் தம் வீட்டு லேண்ட்லைனிலிருந்து தமிழ்நாட்டுச் செல்பேசி ஒன்றை நேராக அழைக்கும்போது, அவர் அழுத்தும் முதல் இலக்கம் 9 என்றால் அது ஊருக்குள்ளே இருக்கும் வீடா, ஊருக்கு வெளியே இருக்கும் செல்பேசியா என்று இணைப்பகம் மயங்கிவிடக் கூடாது. எஞ்சியவை 2 முதல் 6 வரையிலான ஐந்து லட்சம். அவற்றுள் ஒவ்வொரு தலைப்பு இலக்கமும் ஒவ்வொரு கம்பெனிக்கு. ஒரு கம்பெனிக்கு அவ்வூரில் சில நூறு வாடிக்கையாளர்களே இருந்தாலும் அதன் பெயரில் ஒதுங்கிக் கிடக்கும் இடம் பெரிது. இத்தகைய குறியீட்டுப் பிரதேசங்கள் தேசம் முழுவதும் இரண்டாயிரத்து அறுநூற்றுக்கு மேல் உள்ளன. அத்தனையிலும் இதே தரிசு. மறுபுறம், வீட்டு எண்கள் 2 முதல் 6 வரையில் தொடங்குகின்றன என்ற ஒரே காரணத்தால், செல்பேசி எண் எதுவும் அந்த இலக்கங்களில் பரவலாகத் தொடங்க முடியாமல் நின்றது. ஒரு சிறு மயக்கத்தைத் தவிர்க்கும் பொருட்டு இரு பக்கத்திலும் கோடிக்கணக்கான எண்கள் பூட்டப்பட்டுக் கிடந்தன.

இதற்கு டிராய் 2020 மே மாதத்தில் பரிந்துரைத்த யுக்தி மிக எளிது. லேண்ட்லைனிலிருந்து எந்தச் செல்பேசியை அழைத்தாலும் முன்னால் ஒரு சுழியத்தைச் சேர்த்து அழுத்துங்கள் என்றது. சுழியம் வந்தால் வெளி, வராவிட்டால் உள்ளூர்; மயக்கத்துக்கு இடமில்லை. அரசு அதை ஏற்று, 2021 ஜனவரி 15 முதல் அமலுக்குக் கொண்டுவந்தது. அந்த ஒரு சுழியத்தால், ஊர்க் குறியீடுகளாக வழங்காத உட்பிரிவுகளிலெல்லாம் செல்பேசி எண்களை அமைக்க வழி பிறந்தது. அவ்வாறு விடுபடும் எண்கள் 254 கோடிக்கு மேல் என்று கணக்கிட்டார்கள். எவருடைய எண்ணும் மாறவில்லை. எந்தப் பெயர்ப்பலகையும் அழித்தெழுதப்படவில்லை. ஒன்றுமில்லாததன் குறியாகிய சுழியம், ஓர் அணைக்கட்டுக்குரிய வேலையைச் செய்து முடித்தது.

2025 பிப்ரவரி 6 அன்று ஆணையம் இவ்வழியிலேயே இன்னோர் அடி முன்வைத்தது. உள்ளூருக்குள்ளே ஒரு லேண்ட்லைனிலிருந்து இன்னொரு லேண்ட்லைனை அழைக்கும்போதும் சுழியமும் ஊர்க் குறியீடும் சேர்த்தே அழுத்துவது என்று வைத்துக்கொண்டால், தஞ்சாவூருக்கென்று தனி வரப்பு, கும்பகோணத்துக்கென்று தனி வரப்பு என்பது ஒழிந்து, கம்பெனிக்கு உரிமம் வழங்கப்பட்ட பிரதேசம் முழுவதற்கும் ஒரே பொதுப் பரப்பாக வீட்டு எண்களை ஆளலாம் என்பது அதன் பரிந்துரை. இதிலும் இருக்கிற எண்கள் மாறுவதில்லை.

நீட்டாமல் நிறைவேற்றுவது

எண்கள் போதாவிட்டால் இலக்கத்தைக் கூட்டிவிடலாமே என்ற யோசனை எப்போதும் முதலில் எழும். பிரிட்டன் 1995 ஏப்ரல் 16 அன்று தன் பிரதேசக் குறியீடுகளில் பெரும்பாலானவற்றில் 1 என்பதைச் செருகிற்று. ஐந்து வருஷத்துக்குள் லண்டன் முதலிய நகரங்கள் மீண்டும் ஒரு மாற்றத்துக்கு உட்பட நேர்ந்தது. நம் தேசத்தில் செல்பேசி எண்களைப் பதினோரு இலக்கங்களாக்கும் யோசனையை டிராய் ஆராய்ந்து, வேண்டாமென்று தள்ளிற்று. நூறு கோடிக்கு மேற்பட்ட செல்பேசிகளின் ஞாபகத்திலும், வங்கிகள், ரேஷன் அட்டை, எரிவாயுப் பதிவு, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி ஆகியவற்றின் ஏடுகளிலும் பத்துக் கட்டங்களாக வரைந்து வைத்திருக்கும் இடத்தைப் பதினொன்றாக்குவதென்றால், அதன் செலவு எந்தத் தனிக் கம்பெனியின் கணக்கிலும் ஏறாது. அது பிரஜைகள் அத்தனை பேர் தலையிலும் சிறிது சிறிதாக விழும். சிக்கனமான வழி இருக்கும்போது பொதுமக்களை அலைக்கழிக்கலாகாது என்ற விவேகம் அந்த நிராகரிப்பில் இருக்கிறது.

இலக்கத்தை நீட்டியதும் உண்டு. ஆனால் அது மனிதருக்கன்று. மின்மீட்டரும் வாகனமும் பணம் வழங்கும் இயந்திரமும் சிம் கார்டு வழியே தங்களுக்குள் பேசத் தொடங்கியபோது, அவற்றுக்கு 2018 ஜூலை முதல் பதின்மூன்று இலக்க எண்களை வழங்க அரசு ஏற்பாடு செய்தது. செய்தி வெளியானபோது எல்லாருடைய செல்பேசி எண்ணும் பதின்மூன்றாகப் போகிறதென்று ஊரெங்கும் கலவரப்பட்டார்கள். இயந்திரத்துக்கு எண்ணை மனப்பாடம் செய்யும் சிரமம் இல்லை. ஆகையால் நீண்ட எண் இயந்திரத்துக்கும் குறுகிய எண் மனிதருக்கும் என்று பகுத்தது மனிதரின் ஞாபகசக்தியைப் போற்றிய செயலே.

கம்பெனியைப் பிரிந்த எண்

எண் கம்பெனியின் சொத்தன்று என்ற கொள்கை ஏட்டளவில் நில்லாமல் சந்தாதாரர் கைக்கு வந்தது, கம்பெனியை மாற்றினாலும் எண்ணை மாற்றாமலிருக்கும் உரிமை வந்த நாளில். 2010 நவம்பர் 25 அன்று ஹரியானாவில் தொடங்கிய இம்முறை, 2011 ஜனவரி 20இல் தேசம் முழுவதும் பரவி, 2015 ஜூலையில் மாகாண எல்லைகளையும் கடந்தது. 1900 என்ற எண்ணுக்கு ஒரு குறுஞ்செய்தி அனுப்பி, திரும்பி வரும் குறியீட்டைப் புதிய கம்பெனியிடம் கொடுத்தால் போதும். ‘போர்ட்’ செய்வது என்ற சொல் இன்று சந்தைக்கடையிலும் வழங்குகிறது. இதனால் எண்ணின் இலக்கணமே ஒரு வகையில் திருப்பி எழுதப்பட்டது. 9841 என்ற தலைப்பைக் கண்டதும் இன்ன கம்பெனி என்று இனித் தீர்மானிக்க இயலாது. எனவே ஒவ்வோர் அழைப்பும் புறப்படுமுன், இந்த எண் இப்போது எங்கே குடியிருக்கிறது என்று மையப் பதிவேட்டின் தகவலைப் பார்த்துக்கொண்டுதான் புறப்படுகிறது. ஊரை விட்டுப் பெண் புக்ககம் போனபின்னும், பிறந்த ஊரின் பெயரால் அவளை அழைப்பதைப் போல, பழைய தலைப்பு எண்ணோடு ஒட்டியிருக்கிறது. இருப்பிடம் மட்டும் வேறு.

மீண்டும் பிறக்கும் எண்

என் தகப்பனார் காலமாகி ஓராண்டுக்கு மேல் ஆனபின் ஒரு மாலையில், கைப்பழக்கத்தால், அவருடைய எண்ணை அழுத்திவிட்டேன். மணி ஒலித்தது. “யாருங்க பேசறது?” என்றது ஓர் இளங்குரல். “தப்பா வந்துடுச்சு தம்பி, மன்னிச்சுக்குங்க” என்றேன். “பரவாயில்லைங்க ஐயா. இந்த நம்பருக்கு நிறையப் பேர் கூப்பிடறாங்க. பேங்க் மெசேஜ்கூட வருதுங்க, அதைத்தான் என்ன பண்றதுன்னு தெரியலை” என்றார் அவர். அவருடைய குற்றமும் இல்லை. எண்ணைக் கொடுத்தவரின் குற்றமும் இல்லை. வங்கியில் எண்ணை நீக்கும்படி எழுதிக் கொடாத குற்றம் என்னுடையது.

பயன்படாமல் நின்ற எண்ணைத் திரும்ப எடுத்துப் புதியவருக்கு வழங்குவதை நிறுத்திவிட்டால், எத்தனை பெரிய ஏரியும் சில வருஷங்களில் வற்றிவிடும். அதனால் எண்களுக்கு மறுபிறப்பு உண்டு. இரண்டு பிறப்புகளுக்கும் இடையே குறைந்தது 90 நாள் ஓய்வும் உண்டு. இதை 2023ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றத்திலும் ஆணையம் எடுத்துரைத்தது. துண்டிக்கப்பட்ட எண்களின் பட்டியல் வெளியிடப்படுகிறது. வங்கிகள் அதைப் பார்த்துத் தங்கள் ஏடுகளைத் திருத்திக்கொள்ளலாம். 90 நாள் வரை பயன்படுத்தாத காரணத்துக்காக எந்த இணைப்பையும் துண்டிக்கக் கூடாது, 365 நாள் பயன்படாமல் கிடந்ததைத் துண்டிக்காமல் விடவும் கூடாது என்று 2025ஆம் ஆண்டின் பரிந்துரை இரு பக்கமும் எல்லை கட்டுகிறது. எண் இன்று அழைப்பதற்கான முகவரியாக மட்டும் இல்லாமல், பணப்பெட்டியின் திறவுகோலாகவும் ஆகிவிட்டதால், இந்த மறுபிறப்பு முன்னெப்போதையும்விட நுட்பமான காரியமாயிற்று.

எண்ணின் முகத்திலேயே அதன் தொழிலை எழுதிவைக்கும் முயற்சியும் இக்காலத்தது. விளம்பர அழைப்புகளுக்கு 140 என்ற தலைப்பு முன்னரே உண்டு. வங்கி முதலிய நிதி நிறுவனங்களும் அரசு அலுவலகங்களும் சேவைக்காக அழைப்பதற்கு 160 என்ற தலைப்பு 2024ஆம் ஆண்டில் ஒதுக்கப்பட்டது. வங்கியின் பெயரைச் சொல்லிப் பத்து இலக்கச் சாதாரண எண்ணிலிருந்து ஒருவர் அழைத்தால், அவரை நம்பலாகாது என்று பாமரரும் தெரிந்துகொள்ள இது வழிசெய்யும்.

விலையும் பொறுப்பும்

கம்பெனிகள் தேவைக்கு மேல் எண்களை வாங்கிச் சேர்த்து வைத்துக்கொள்வதைத் தடுக்க, எண்ணுக்கு விலை வைக்கலாமா என்ற கேள்வியை 2024 ஜூன் மாதத்தில் ஆணையம் பொதுவில் வைத்தது. சந்தாதாரரிடம் கட்டணம் பிடிக்கப் போகிறார்கள் என்று செய்தி பரவவே, அவ்வாறு உத்தேசம் இல்லை என்று ஆணையம் விளக்க நேர்ந்தது. தீர ஆராய்ந்தபின், இப்போதைக்குக் கட்டணம் வேண்டாம், ஆண்டுதோறும் உபயோகத்தைக் கணக்கெடுத்து வீணாகக் கிடப்பவற்றைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம் என்றே அது முடிவு கூறிற்று. என் அபிப்பிராயத்தில் இது நன்முடிவு. விலை வைத்தால் பணமுள்ளவன் பதுக்குவான். கணக்குக் கேட்டால் பதுக்கியவன் திருப்பித் தருவான். ஆனால் கணக்கு ஆண்டுதோறும் தவறாமல் எடுக்கப்பட வேண்டும்; அது மக்கள் பார்வைக்கும் வெளியிடப்பட வேண்டும். 2003ஆம் ஆண்டின் திட்டம் கற்பித்த பாடம், எதிர்காலத்தை முன்கூட்டியே சரியாக அளந்துவிட முடியும் என்பதன்று. அளவு தப்பும்போது உடனே கண்டு வரப்பை மாற்றிக் கட்டும் விழிப்பு வேண்டும் என்பதே.

ஏரியைக் காப்பது நீர்கட்டி ஒருவனுடைய வேலையாக எந்த ஊரிலும் இருந்ததில்லை. குடிமராமத்துக்கு ஊரார் அனைவரும் மண்வெட்டியோடு வந்தார்கள். வாசகர் தம் மேஜையின் இழுப்பறையைத் திறந்து, அங்கே உபயோகமற்றுக் கிடக்கும் சிம் கார்டு இருந்தால் அந்த இணைப்பை முறைப்படி ஒப்படைத்துவிடட்டும். ஒப்படைக்குமுன், அந்த எண்ணை வங்கியிலும் ரேஷன் அட்டையிலும் எரிவாயுப் பதிவிலும் நீக்கிவிடட்டும். வீட்டில் ஒருவர் காலமானால், அவருடைய மற்றக் கணக்குகளோடு எண்ணின் கணக்கையும் முடித்துவைக்கட்டும். நமக்குப்பின் அந்த எண்ணைப் பெறப்போகிறவர் யாரோ. அவருக்கு அது சுத்தமாகப் போய்ச் சேர வேண்டும்.